லிப்ரே ஆஃபீஸ்: இலவச மென்பொருளுக்குப் பின்னால் ஓர் அறக்கட்டளை

கடிதம் எழுதவும், வரவு செலவுக் கணக்குப் போடவும், பள்ளிக்கூடப் பாடத்தைப் படங்களுடன் தயாரிக்கவும் உதவும் மென்பொருள் லிப்ரே ஆஃபீஸ். காசு கொடுக்காமலே கணினியில் இறக்கிக்கொள்ளலாம். தமிழிலும் கிடைக்கிறது. "பணம் வாங்காமல் எதற்காகத் தருகிறார்கள்? நாளைக்குத் திடீரென்று நிறுத்திவிட்டால் என்ன செய்வது?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்த மென்பொருளைப் பராமரிக்கும் அறக்கட்டளை எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் பதில் புரியும்.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

இலவசமாகக் கிடைக்கும் எல்லா மென்பொருளும் கட்டற்ற மென்பொருள் ஆகிவிடாது. கட்டற்ற மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். இந்த உரிமைகள் அதன் உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். லிப்ரே ஆஃபீஸ் இந்த வகையைச் சேர்ந்தது.

அறக்கட்டளை ஏன் தேவைப்பட்டது?

இதன் தொடக்கம் ஜெர்மனியில் உருவான ஸ்டார் ஆஃபீஸ். அதை 1999இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கி, 2000இல் மூலநிரலைப் பொதுவில் வெளியிட்டது. அதுவே ஓப்பன் ஆஃபீஸ் ஆனது. பல நாட்டுத் தன்னார்வலர்கள் அதற்காக உழைத்தார்கள். ஆனால் பெயரின் உரிமை நிறுவனத்திடமே இருந்தது. 2010இல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கிவிட்டது. நிறுவனம் கைமாறினால் தங்கள் உழைப்பும் கைமாறும் என்ற கவலை தன்னார்வலர்களுக்கு எழுந்தது.

அவர்களில் பலர் 2010 செப்டம்பர் 28 அன்று 'தி டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பை அறிவித்தார்கள். பழைய பெயர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நிரலை எடுத்துச் செல்ல உரிமம் இடம் கொடுத்ததால், லிப்ரே ஆஃபீஸ் என்ற புதுப் பெயரில் வேலையைத் தொடர்ந்தார்கள்.

அறக்கட்டளைக்கு மூலதனமாக 50,000 யூரோ வேண்டும் என்று 2011இல் பொதுமக்களிடம் கேட்டார்கள். எட்டே நாளில் அந்தத் தொகை சேர்ந்தது. 2012 பிப்ரவரி 17 அன்று பெர்லினில் அறக்கட்டளை சட்டப்படி நிறுவப்பட்டது. அதற்குப் பங்குதாரர்கள் கிடையாது. அதனால் யாரும் அதை விலைக்கு வாங்க முடியாது. வக்ஃப் சொத்தைப் போல, மூலதனத்தையும் நோக்கத்தையும் காப்பது நிர்வாகிகளின் கடமை. இதை பெர்லின் அரசு அதிகாரிகள் மேற்பார்வையிடுகிறார்கள்.

யாருக்கு என்ன பொறுப்பு?

உறுப்பினர்கள்: பணம் கட்டி உறுப்பினராக முடியாது, வேலை செய்திருக்க வேண்டும். நிரல் எழுதுவது மட்டும் வேலையல்ல. மொழிபெயர்ப்பு, பிழை சோதிப்பு, கையேடு எழுதுவது, புதியவர்களுக்கு உதவுவது எல்லாமே கணக்கில் வரும். வாக்குரிமை இவர்களுக்குத்தான்.

நிர்வாகக் குழு: ஏழு பேர், அவர்களுக்கு மாற்றாகச் சிலர். உறுப்பினர்கள் இவர்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள். இவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது.

உறுப்பினர் குழு: உறுப்பினராக விண்ணப்பிப்பவர்களைப் பரிசீலிப்பதும், நிர்வாகக் குழுவின் தேர்தலை நடத்துவதும் இவர்கள் வேலை. இந்தக் குழுவுக்கான தேர்தலை நிர்வாகக் குழு நடத்துகிறது. பதவியில் இருப்பவர்கள் தங்கள் தேர்தலைத் தாங்களே நடத்திக்கொள்ள வழியில்லை.

ஆலோசனைக் குழு: ஆதரவு தரும் நிறுவனங்களுக்கும் அமைப்புகளுக்கும் இதில் இடம் உண்டு. ஆலோசனை சொல்லலாம், தீர்மானிக்கும் அதிகாரம் கிடையாது.

தொழில்நுட்பக் குழு: நிரல் சார்ந்த விஷயங்களை அதை எழுதுபவர்களே கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள்.

சம்பளம் யாருக்கு?

நிர்வாகக் குழுவினர் பொறுப்பைக் கௌரவமாக ஏற்கிறார்கள். சம்பளம் பெறும் ஊழியர்கள் ஒரு சிறு குழுவே. சர்வர்களைப் பராமரிப்பது, புதிய பதிப்பைக் குறித்த நாளில் வெளியிடுவது, பிழைப் புகார்களைத் தரம் பிரிப்பது, மொழிபெயர்ப்பாளர்களை ஒருங்கிணைப்பது, கணக்கு எழுதுவது போன்ற வேலைகள் இவர்களுடையவை. ஓய்வு நேரத்தில் வரும் தன்னார்வலரை நம்பி இவற்றை விட முடியாது. நிரலைத் தன்னார்வலர்கள் எழுதுகிறார்கள். இதையே தொழிலாகச் செய்யும் நிறுவனங்களின் ஊழியர்களும் பெருமளவில் எழுதுகிறார்கள்.

பணம் பெரும்பாலும் பயனாளிகளின் சிறு நன்கொடைகளாக வருகிறது. கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கிடைப்பது ஒரே மென்பொருள்தான்.

"நாளைக்கு நிறுத்திவிட்டால்?" என்ற கேள்விக்கு வருவோம். நன்கொடை வற்றினால் வேலை மெதுவாகும். அந்த ஆபத்து உண்மையானது. ஆனால் அறக்கட்டளையே இல்லாமல் போனாலும், உரிமத்தின்படி வேறொருவர் நிரலை எடுத்துத் தொடரலாம். 2010இல் நடந்ததும் அதுதான்.

உங்கள் வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை இருந்தால், மொழிபெயர்ப்பிலோ பிழை சோதிப்பதிலோ சேரச் சொல்லலாம். அதற்குப் பட்டம் கேட்பதில்லை. தொடர்ந்து உழைத்தால், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு அந்தப் பிள்ளைக்கும் கிடைக்கும்.