எரிவாயு அடுப்பை இணைக்கும் முறை

கணியம்பாடியில் எங்கள் வீட்டில் விறகடுப்பு புகைந்த மூலையில் இன்று எரிவாயு அடுப்பு எரிகின்றது. தமிழக அரசு 2007-ஆம் ஆண்டில் ஏழைக் குடும்பங்களுக்கு அடுப்புகளை இலவசமாக வழங்கத் தொடங்கியதும் இது சிற்றூர்களில் பரவுவதற்குத் துணையாயிற்று.

வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோகிராம் புரோப்பேன், பியூட்டேன் கலவை அழுத்தத்தால் நீர்மமாக அடங்கியுள்ளது. வெளிவந்து வாயுவானால் அது காற்றினும் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து தேங்கும். ஆகவே உயரத்துச் சாளரம் மட்டும் போதாது. தாழ்விலும் காற்றுவழி வேண்டும். மணமற்ற இவ்வாயுவில் மெர்கேப்டன் என்னும் நாற்றப் பொருளைக் கலப்பது கசிவை அறிவிப்பதற்கே. எனினும், தோல் பதனிடும் நெடிக்குப் பழகிய நம் வட்டாரத்தார் மூக்கை மட்டும் நம்புதல் தகாது!

சிலிண்டரை நிமிர்த்தி நிறுத்தி, அடுப்பை அதனினும் உயர்ந்த மேடையில் வைத்தல் வேண்டும். ரப்பர்க் குழாயை இருமுனையிலும் இறுதிவரை செருகி, அடுப்பின் திருகுகளை மூடியபின் ரெகுலேட்டரைத் திறந்து, இணைப்புகளில் சோப்புநீர் தடவுக. குமிழி எழுந்தால் கசிவு உண்டு. ஒருகால் அண்டைவீட்டு இளைஞன் தீக்குச்சியால் சோதிக்க முனைந்தான். ஓடிச்சென்று அவன் கையைப் பற்றினேன். கசிவு கண்டால் ரெகுலேட்டரை மூடிக் கதவுகளைத் திறந்திடுக. மின்விசையைத் தொடலாகாது, சிறுபொறியும் தீ மூட்டும். வெளியே வந்து 1906 என்னும் எண்ணுக்குத் தெரிவியுங்கள். குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுதல் வேண்டும். வெடிப்புக் கண்டால் அன்றே மாற்றிவிடுக.