மல்லாட்டையும் 'ரைட் பண்ணு'வும்

கீழ்பென்னாத்தூருக்குச் சென்றிருந்தோம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில் உள்ள ஊர். கூட்டம் மாலையில். நாம் போய்ச் சேர்ந்ததோ பள்ளி விடும் நேரம். தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்திருந்தோம். புத்தகச் சுமையோடு பிள்ளைகள் வந்தனர். உழவன் வீட்டுப் பிள்ளைகள், கொத்தன் வீட்டுப் பிள்ளைகள், பெங்களூருக்குப் பிழைக்கப் போனவன் பெற்ற பிள்ளைகள்!

"ஹோம் ஒர்க் கம்ப்ளீட் பண்ணிட்டியாடா?"

"மேக்ஸ் மட்டும் பெண்டிங். நைட் ரைட் பண்ணணும்."

காதில் விழுந்தது இது. தமிழா, ஆங்கிலமா? 'பண்ணணும்' என்ற வாலைப் பிடித்துத்தான் தமிழ் என்று சொல்ல வேண்டியிருக்கிறது!

அந்தக் கூட்டத்தில் ஒரு சிறுவன், வேகவைத்த மல்லாட்டை வைத்திருந்தான். "என்னடா அது?" என்றான் ஒருவன். "மல்லாட்டை" என்றான் இவன். சிரிப்பு எழுந்தது. "க்ரவுண்ட்நட்னு சொல்லுடா!" பையனின் முகம் சுருங்கிற்று. கை மூடிக்கொண்டது. நம் மனத்தை அறுத்தது அந்த மூடிய கை.

தோழர்களே, மல்லாட்டை என்பது என்ன சொல் தெரியுமா? அதுவும் கப்பலேறி வந்த சொல்தான்! தென் அமெரிக்கச் செடி நிலக்கடலை. பிலிப்பைன்சின் தலைநகரான மணிலாவின் பெயரைச் சுமந்துகொண்டு நம் பக்கத்துக்கு வந்தது. மணிலாக் கொட்டை என்றனர். இந்த வட்டாரத்து உழவன் அதை வாயிலிட்டு மென்றான்; மென்ற மெல்லலில் மணிலா மறைந்தது, மல்லாட்டை பிறந்தது. சாவி, ஜன்னல், அலமாரி, மேசை எல்லாம் போர்த்துகீசியர் விட்டுச் சென்றவை. யாராவது இன்று அவற்றை அயலார் என்று விரட்டுகிறோமா? வடசொல் வந்தால் வடவெழுத்தை விட்டுவிட்டு வரட்டும் என்று வாயிற்படியிலேயே விதி வகுத்தவர் தொல்காப்பியர். நாமும் கொடுத்திருக்கிறோம்: கட்டுமரமும் சுருட்டும் ஆங்கில அகராதியில் குடியேறிவிட்டன. கொள்வினை, கொடுப்பினை மொழிக்கும் உண்டு.

ஆகவே 'பஸ்' என்று சொல்லும் பிள்ளையைக் கண்டு நாம் பதறவில்லை. பேருந்து என்ற நல்ல சொல் இருக்கிறது. எழுதுவோம், மேடையில் சொல்லுவோம். ஆனால் பஸ் வந்ததால் நம்மிடமிருந்த எந்தச் சொல்லும் சாகவில்லை. ஏனெனில் பஸ் இல்லாத ஊருக்குத்தான் பஸ் வந்தது.

எழுதுவது அப்படியா? படிப்பது அப்படியா? கழுவுவதும் வெட்டுவதும் உதவுவதும் ஆங்கிலேயன் வந்து சொல்லிக் கொடுத்தவையா? 'ரைட் பண்ணு', 'ரீட் பண்ணு', 'வாஷ் பண்ணு', 'கட் பண்ணு', 'ஹெல்ப் பண்ணு'... வினைச்சொல் ஒவ்வொன்றும் வேலை இழந்து வெளியே நிற்கிறது. 'பண்ணு' ஒன்றே எல்லார் வேலையையும் பார்க்கிறது. எண்ணைப் பாருங்கள். தொண்ணூற்றேழு என்றால் விழிக்கிறான் பிள்ளை. 'நைன்ட்டி செவன்' என்றால் தலையாட்டுகிறான். அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி என்று நால்வரை ஒரே 'ஆன்ட்டி' விழுங்கிவிட்டாள்! சோற்றின் கதை இன்னும் பெரிது. சோறு என்றால் இழிவு என்று சாதம் வந்தது. இப்போது சாதமும் பழசாகி 'ரைஸ்' வந்திருக்கிறது. பானையில் வேகிறது அதே அரிசிதான்!

இது நம் நாட்டு நோய் மட்டுமல்ல. செர்பியாவின் பள்ளிப் பிள்ளைகளும் ஆங்கிலச் சொற்களை அள்ளித்தான் பேசுகிறார்கள். 'லைக்' என்ற சொல்லை எடுத்து, தங்கள் மொழியின் வினை விகுதியை ஒட்டி, 'லைக்கோவாட்டி' என்கிறார்கள். நம் 'லைக் பண்ணு'வுக்கு அண்ணன்! பேசுவது போலவே எழுது என்று சொல்லி, 1818-இல் அகராதி தந்த வூக் கராட்ஜிச் பிறந்த நாடு அது. அயற்சொல்லையும் தங்கள் எழுத்தில், தங்கள் ஓசையில் எழுதிக்கொள்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்கு வாருங்கள். கிரிக்கெட்டைத் துடுப்பாட்டம் என்றும் பேக்கரியை வெதுப்பகம் என்றும் வழங்குகிறார்கள். ஆட்டமும் நடக்கிறது, ரொட்டியும் வேகிறது.

ஆங்கிலம் வேண்டாம் என்கிறோமா? இல்லை. 1968-இல் இருமொழிக் கொள்கையைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றிய அண்ணா ஆங்கிலத்தின் பகைவர் அல்லர், அம்மொழியில் சொல்லாடியவர். கொத்தனின் மகன் ஆங்கிலம் கற்கட்டும், நன்றாகக் கற்கட்டும். அதற்காகத்தானே ஏழைத் தந்தை வயிற்றைக் கட்டிக் கட்டணம் கட்டுகிறான்! 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் வந்தன. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் தமிழையும் முதல் வகுப்பிலிருந்து கட்டாயமாக்கிற்று. ஆனால் 'ரைட் பண்ணு' என்பவனுக்கு ஆங்கிலம் வந்துவிட்டதா? ஒரு முழு ஆங்கில வாக்கியம் கேளுங்கள், திகைப்பான். ஆங்கிலமும் கைக்கு வரவில்லை, மல்லாட்டையும் கையை விட்டுப் போகிறது. பணக்கார வீட்டுப் பிள்ளை இரண்டையும் வைத்துக்கொள்வான். நட்டம் நம் தெருவுக்கு!

பிள்ளைகளை மட்டும் குறை கூறுவானேன்? அக்கிராசனரைத் தலைவராக்கியவர்கள் நாம். அபேட்சகரை வேட்பாளராக்கினோம், காரியதரிசியைச் செயலாளராக்கினோம், நமஸ்காரத்தை வணக்கமாக்கினோம். அன்று சிரித்தவர்கள் உண்டு. இன்று அவர்கள் பேரன்மாரும் வணக்கம் என்றே சொல்கிறார்கள். சட்டம் போட்டா மாற்றினோம்? மேடையில் சொன்னோம், தேநீர்க் கடையில் சொன்னோம், திருமண அழைப்பில் அச்சிட்டோம். அந்தக் கூட்டத்தின் வாரிசுகள் அன்று மாலை நமக்குச் சொன்னது என்ன? "மீட்டிங் கொஞ்சம் லேட்டா ஸ்டார்ட் பண்ணலாம், மைக் ரிப்பேர்." மைக் இருக்கட்டும். கூட்டமும் தொடங்குவதும் எங்கே போயின?

கூட்டத்தில் பேசும்போது மல்லாட்டையின் கதையைச் சொன்னோம். முன் வரிசையில் தரையில் அமர்ந்திருந்த பிள்ளைகள் சிரித்தார்கள்; இம்முறை வேறு சிரிப்பு. அந்தச் சிறுவன் இருந்தானா என்று தேடினோம். தென்படவில்லை. இரவு திரும்பும் வேளையில் ஒரு கிழவி, காகிதப் பொட்டலம் ஒன்றை நம் கையில் திணித்து, "வழியில் தின்னுங்க, நம்ம கொல்லியில வெளஞ்ச மல்லாட்டை" என்றாள். நன்றி சொல்லி முடிக்கவில்லை. விளக்கு வெளிச்சம் வளைவில் தெரிந்தது. "பஸ்! பஸ்!" என்று கூவிக்கொண்டு ஓடினோம்.