இல்லப் படச்சுருள்களில் ஒட்டும் சீரமைப்பும்: ஓர் ஆவணவியல் நோக்கு

முன்னுரை

இல்ல நிகழ்வுகளைத் தாமே படமாக்கிக்கொள்ளும் வசதி 1922இல் பதே நிறுவனத்தின் 9.5 மி.மீ. படச்சுருளாலும், 1923இல் கோடக் நிறுவனத்தின் 16 மி.மீ. சுருளாலும் பரவலாயிற்று. கோடக்கின் 8 மி.மீ. சுருள் 1932இலும் சூப்பர் 8 சுருள் 1965இலும் வெளிவந்தன. இவற்றுள் பெரும்பாலானவற்றிற்கு நெகட்டிவ் கிடையாது. கேமராவில் ஓடிய சுருளே கழுவப்பட்டுத் திரையிடும் படமாகிறது. ஆகவே, அறுந்த சுருளை ஒட்டுவது மாற்று இல்லாத ஒரே மூலத்தின்மீது நிகழும் செயலாகும். அச்செயலின் தொழில்நுட்பத்தையும் அதனால் நேரக்கூடிய இழப்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஒட்டும் முறைகள்

ஒட்டும் முறைகளுள் இரண்டு முதன்மையானவை. முதலாவது சிமெண்ட் ஒட்டு. ஒரு முனையின் ஒளியுணர் படலத்தைச் சுரண்டி நீக்கி, மறுமுனையை அதன்மேல் படியவைத்துக் கரைப்பான் கலந்த திரவம் தடவப்படுகிறது. அது அசிட்டேட் அடித்தளத்தைக் கரைத்து இரு முனைகளையும் ஒன்றாக உருகவைக்கிறது. உறுதியானதாயினும், முனைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் ஒவ்வொரு முறையும் படத்தின் ஒரு பகுதி இழக்கப்படுகிறது. பாலியெஸ்டர் அடித்தளம் இத்திரவத்தில் கரையாது; ஆதலின், பியூஜியின் சிங்கிள் 8 போன்ற சுருள்களுக்கு இம்முறை பயன்படாது.

இரண்டாவது நாடா ஒட்டு. முனைகளை எதிரெதிரே பொருத்தித் துளையிடப்பட்ட மெல்லிய நாடாவை ஒட்டுவதால் சட்டகம் எதுவும் இழக்கப்படுவதில்லை. கிழிந்த துளைகளையும் இவ்வாறே சீரமைக்கலாம். எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும் ஒட்டுநாடாவைப் பயன்படுத்துதல் கூடாது; அதன் பசை நாளடைவில் கசிந்து அடுத்த சுற்றுகளில் ஒட்டிக்கொள்ளும்.

அடித்தளத்தின் சிதைவு

அசிட்டேட் சிதையும்போது அசிட்டிக் அமிலம் வெளிப்பட்டுப் புளிக்காடி நாற்றம் எழுகிறது. அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்துகிறது. சுருள் சுருங்குவதால் துளைகளின் இடைவெளி புரொஜக்டரின் பற்களோடு பொருந்தாமல் போகிறது. இந்நிலையில் ஒட்டு எவ்வளவு செம்மையாக அமைந்தாலும் திரையிடும்போது சுருள் கிழியும். எனவே, ஒட்டுவதற்கு முன் சுருக்கத்தை அளத்தல் இன்றியமையாதது.

சான்று: சப்ரூடர் படம்

1963 நவம்பர் 22 அன்று டாலஸ் நகரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி சுடப்பட்டதை ஆபிரகாம் சப்ரூடர் என்பவர் 8 மி.மீ. கோடாக்ரோம் சுருளில் பதிவுசெய்தார். அக்காட்சி 486 சட்டகங்களைக் கொண்டது. மூலச்சுருள் லைஃப் இதழின் கைவசம் இருந்தபோது சேதமுற்று ஒட்டப்பட்டது. அதில் 208 முதல் 211 வரையிலான சட்டகங்கள் இழக்கப்பட்டன. வாரன் ஆணையமோ தலைவர்மீது முதலில் குண்டு பாய்ந்த நேரம் பெரும்பாலும் 210க்கும் 225க்கும் இடைப்பட்டது எனக் கருதியது. இதனால், ஒட்டு விழுந்த இடமே ஐயத்திற்குரிய இடமாயிற்று.

நிகழ்வு நடந்த நாளிலேயே எடுக்கப்பட்ட படிகளில் அச்சட்டகங்கள் எஞ்சியுள்ளன. எனினும், மூலத்தில் துளைகளுக்கு இடையே பதிவாகியுள்ள காட்சிப் பகுதி அப்படிகளில் இல்லை. ஆகவே, படி மூலத்திற்கு முழுமையான ஈடாகாது என்பது தெளிவு.

முடிவுரை

இச்சான்று மூன்று நெறிகளை உணர்த்துகிறது. ஒட்டுவதற்கு முன் சேதத்தின் நிலையைப் படமெடுத்துக் குறிப்பு எழுதுதல் வேண்டும். சட்டகத்தை வெட்டாத முறை இயலுமாயின் அதையே தேர்தல் வேண்டும். அகற்றப்பட்ட துண்டு எதுவாயினும் சுருளோடு சேர்த்துக் காத்தல் வேண்டும். உறுதியாக உள்ள பழைய ஒட்டுகளைப் பிரிக்காமல் விடுவதும் தக்கது. ஒரு குடும்பம் எதை எதனோடு இணைத்துப் பார்க்க விரும்பியது என்பதற்கு அவ்வொட்டுகளே சான்று. படம் தடையின்றி ஓடுவது மட்டுமே சீரமைப்பின் நோக்கமாயின், சுருள் தன் ஆவணத் தன்மையை இழக்க நேரிடும்.