பெட்டி குலுங்கினால் பணம் காலி! வீட்டில் செய்யும் 'சப் ஊபர்' பெட்டியின் உள் ரகசியம்

சென்னையில் பாட்டுப் பிரியர்களுக்கு ஒரு கோவில் உண்டு. அண்ணாசாலையை ஒட்டிய ரிச்சி தெருதான் அது! மாலை வேளையில் உள்ளே நுழைந்தால் தோள் இடிபடாமல் நடக்க முடியாது.

12 அங்குல ஸ்பீக்கரைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு வெளியே வரும் வாலிபர்களை அங்கே பார்க்கலாம். ஸ்பீக்கர் வாங்கியாச்சு. ஆம்ப்ளிபயரும் வாங்கியாச்சு. சம்பளப் பணம் காலி!

பெட்டி?

"அது என்னண்ணே, நாலு பலகைதானே! தெருமுனை ஆசாரி அடிச்சுக் கொடுத்துடுவாரு" என்பார்கள்.

அங்கேதான் வந்தது வினை! பத்து நாள் கழித்து அதே கடை வாசலில் தகராறு. "கும்முனு வரலைண்ணே... கொடகொடன்னு தகர டப்பா மாதிரி அடிக்குது. டூப்ளிகேட் மாலைத் தலையில் கட்டிட்டீங்களா?"

பாவம், பல நேரங்களில் ஸ்பீக்கர் நிரபராதி. குற்றவாளி பெட்டி!

காலி பாட்டில்

காலி பாட்டிலின் வாயில் ஊதியிருக்கிறீர்களா? 'பூம்' என்று ஒரே சுருதியில் சத்தம் வரும். கழுத்தில் உள்ள காற்று முன்னும் பின்னும் ஆட, வயிற்றில் உள்ள காற்று 'ஸ்பிரிங்' போல அதைத் தள்ளுகிறது. 19-ம் நூற்றாண்டில் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆராய்ந்த சங்கதி இது.

ஓட்டை வைத்த சப் ஊபர் பெட்டியும் ஒரு பாட்டில்தான். பெட்டி வயிறு, பைப் கழுத்து. ஸ்பீக்கரின் பின்பக்கத்துச் சத்தம் வீணாகாமல் பைப் வழியாக வந்து முன்பக்கத்துச் சத்தத்தோடு கைகோர்க்கிறது. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் துராஸ் 1930-ல் இதற்குக் காப்புரிமை கேட்டார். 1932-ல் கிடைத்தது.

ஆனால் 'இந்த ஸ்பீக்கருக்கு இத்தனை லிட்டர் பெட்டி' என்று ஒழுங்கான கணக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. 1961-ல் ஆஸ்திரேலிய என்ஜினீயர் நெவில் தீல் அதை எழுதினார். 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் விரிவாக்கினார். நல்ல ஸ்பீக்கரோடு வரும் சீட்டில் எப்.எஸ்., வி.ஏ.எஸ்., க்யூ.டி.எஸ். என்று மூன்று எண்கள் இருக்கும். அவை இவர்கள் தந்த ஜாதகக் குறிப்பு! கடையில் பேரம் பேசும்போதே அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சீட்டு இல்லாத ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்வது, அளவு எடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி.

16 லிட்டர் மாயம்!

ஒரு 12 அங்குல ஸ்பீக்கருக்கு 60 லிட்டர் பெட்டி என்று கணக்கு சொல்வதாக வைத்துக்கொள்வோம். 60 லிட்டருக்கே பலகை வெட்டினால் தப்பு! ஸ்பீக்கரின் காந்தம், பைப், உள் கட்டைகள் எல்லாம் சேர்ந்து சுமார் 8 லிட்டரை விழுங்கிவிடும். ஆக 68 லிட்டர் வேண்டும். உள் அகலம் 40 செ.மீ., உயரம் 42.5, ஆழம் 40 என்றால் சரியாக வரும்.

இதை ஆசாரியிடம் 'உள் அளவு' என்று அழுத்திச் சொல்லுங்கள். அவர் வெளி அளவாக எடுத்துக்கொண்டு 18 மி.மீ. பலகையில் அடித்தால் உள்ளே மிஞ்சுவது ஐம்பத்தொன்றரை லிட்டர். 16 லிட்டர் மாயம்!

அடுத்தது பைப். 10 செ.மீ. உள்விட்டம் உள்ள பி.வி.சி. பைப் போதும். நொடிக்கு 35 அதிர்வில் பெட்டி 'பாட' வேண்டும் என்றால் பைப்பின் நீளம் 25 செ.மீ. அதையே 15 செ.மீ.க்கு வெட்டினால் சுருதி 42-க்குத் தாவிவிடும். 'சின்ன பைப் போதுமே' என்று மெலிந்த பைப்பை வைப்பவர்களும் உண்டு. காற்று போக இடமில்லாமல் 'புஸ் புஸ்' என்று சீறும். பாட்டு கேட்கிறோமா, பாம்பாட்டி வந்திருக்கிறாரா என்று சந்தேகம் வரும்!

20 கிலோ உதை

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருவோம். ஸ்பீக்கர் காகிதம் ஒரு செ.மீ. உள்ளே போனால் அரை லிட்டர் காற்றை நசுக்குகிறது. 60 லிட்டர் பெட்டியில் அந்த அழுத்தம் ஒவ்வொரு பக்கப் பலகையையும் ஏறத்தாழ 20 கிலோ எடைக்குச் சமமாக உதைக்கும். ஒரு தடவை அல்ல. நொடிக்கு 40, 50 தடவை, வெளியே தள்ளி உள்ளே இழுத்து!

வெறும் பலகை என்ன செய்யும்? அதுவும் ஒரு ஸ்பீக்கராக மாறி ஆட்டம் போடும். பாட்டில் இல்லாத ஓசை எல்லாம் வரும். நாள் போகப் போக மூலை விரியும், ஆணி கழலும்.

'பலகையைத் தடிமனாகப் போட்டால் தீர்ந்தது' என்பது பலர் நினைப்பு. 18 மி.மீ.க்குப் பதில் 25 மி.மீ. போட்டால் பலகையின் சொந்த அதிர்வு 40 சதவீதம்கூட ஏறாது. எடைதான் ஏறும். அதே 18 மி.மீ. பலகையின் குறுக்கே நடுவில் ஒரு சட்டம் வைத்து ஒட்டினால் அதிர்வு இரண்டரை மடங்கு மேலே போய்விடும். சப் ஊபர் அந்த உயரத்தில் வேலையே செய்வதில்லை. பிறகு பலகை ஏன் ஆடப்போகிறது?

முட்டுக்கட்டை

வாழ்க்கையில் முட்டுக்கட்டை வேண்டாம். பெட்டியில் கட்டாயம் வேண்டும்!

பெட்டியின் குறுக்கே செருகும் அளவில் ஒரு பலகை வெட்டி, அதில் ஜன்னல் போல நாலு ஓட்டை போடுங்கள். காற்று தாராளமாகப் போக வேண்டும். இந்தச் சட்டம் காந்தத்துக்குப் பின்னால், மேல், கீழ், இடம், வலம் நாலு பலகையையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும். சரியாக நடுவில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இரண்டு பாதியும் ஒரே சுருதியில் சேர்ந்து ஆடாமல் இருக்கும்.

சட்டத்தின் நடுக்கட்டையில் இருந்து பின் பலகைக்கு ஒரு ரீப்பர் முட்டு. முன் பலகையில் பெரிய ஓட்டை போடுகிறோமே, அது பலவீனம். அங்கே மட்டும் இரண்டு பலகையை ஒட்டி இரட்டையாக வையுங்கள். 12 அங்குல ஸ்பீக்கரும் பைப்பும் அங்கே சேர்ந்து உட்கார இடம் பத்தாது. பைப்பைப் பக்கவாட்டுப் பலகையில், சட்டத்துக்குப் பின்னால் கொண்டு போங்கள்.

பிடிப்பது ஆணி அல்ல, பசை! மூட்டு முழுக்கப் பசை தடவி, ஸ்குரூ போட்டு இறுக்கி, ஒரு ராத்திரி அசைக்காமல் விடுங்கள். எம்.டி.எப். பலகை மழமழப்பாக இருக்கும், ஆனால் தண்ணீர் பட்டால் ஊதிவிடும். ஐப்பசி மழையில் ஒழுகும் வீடு என்றால் ப்ளைவுட்டே மேல்.

ஊதுபத்தி சோதனை

மூட்டில் ஊசி நுழையும் சந்து இருந்தாலும் காற்று சீறும். பாட்டு போட்டுவிட்டு ஊதுபத்தியை ஓரமெல்லாம் காட்டுங்கள். புகை துடிக்கும் இடத்தில் ஓட்டை! (ஸ்பீக்கர் காகிதத்துக்கு அருகில் நெருப்பைக் கொண்டுபோக வேண்டாம்.)

பைப்பை மட்டும் முதலில் நிரந்தரமாக ஒட்டாதீர்கள். செல்போனில் ஒலி எழுப்பும் செயலி மூலம் 60-ல் தொடங்கி ஒவ்வொரு எண்ணாகக் கீழே இறங்குங்கள். சத்தம் அளவாக இருக்கட்டும். எந்த எண்ணில் ஸ்பீக்கர் காகிதம் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறதோ, பைப் வாயில் காற்று வேகமாக வீசுகிறதோ, அதுவே பெட்டியின் சுருதி. 35-க்குக் கீழே நின்றால் பைப்பை ஒரு செ.மீ. வெட்டிப் பாருங்கள். மேலே நின்றால் புது பைப்தான்!

அந்தச் சுருதிக்குக் கீழே போனால் காகிதத்தைப் பிடிக்க ஆளில்லை. கட்டவிழ்ந்த காளை மாதிரி பாய்ந்து சுருள் நசுங்கும். ஸ்பீக்கர் செத்துப்போவது இப்படித்தான். ஆம்ப்ளிபயரில் 'சப் சோனிக்' பில்டர் இருந்தால் 30-ல் வைத்துவிடுங்கள்.

சோதனையைப் பகலில் நடத்துங்கள். 2000-ம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் அனுமதி. உங்கள் அறையில் மெதுவாகத் தெரியும் சத்தம் தளம் வழியாக இறங்கி, கீழ் வீட்டு அலமாரியில் உள்ள பாத்திரங்களை ஆட்டிக்கொண்டிருக்கும்!