லைட் எரியுது, தட்டு சுத்துது... சாம்பார் சுடலை!

எங்கள் வீட்டு மைக்ரோவேவ் ஓவன் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் படுத்துவிட்டது. ஒரேயடியாகப் படுத்திருந்தால்கூடத் தேவலை. பட்டனை அமுக்கினால் உள்ளே விளக்கு ஜம்மென்று எரிகிறது. கண்ணாடித் தட்டு சுற்றுகிறது. ஃபேன் ஓடுகிறது. இரண்டு நிமிஷம் கழித்து 'டிங்' என்று மணிகூட அடிக்கிறது. கதவைத் திறந்து பார்த்தால் சாம்பார் வைத்தது வைத்தபடி ஜில்லென்று இருக்கிறது. (எங்கள் ஆபீசிலும் இப்படி இரண்டு பேர் உண்டு. அதை வேறொரு சமயம் எழுதுகிறேன்.)

விஷயத்தைக் கண்டுபிடித்தது அப்பா. ஆபீசுக்கு போன் வந்தது.

"ஏண்டா, ஓவன் என்னமோ உறுமுது. சூடே வரலை."

"சாப்பிட்டீங்களா?"

"மோரை ஊத்திச் சாப்பிட்டாச்சு. அதுக்கென்ன இப்போ?"

அப்பாவுக்கு 78 வயசு. மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிடையர் ஆனவர். அந்தக் காலத்தில் கம்பம் ஏறின கைகள் இப்போது நடுங்குகின்றன. லைட்டரை பர்னருக்கு நேராகப் பிடிக்க முடியாது. போன வருஷம் ஒரு நாள் காஸைத் திறந்துவிட்டு லைட்டரைத் தேடிக்கொண்டிருந்தார். நல்லவேளை, அன்றைக்கு எனக்கு லீவு. அதிலிருந்து, நானும் மனைவியும் ஆபீஸ் கிளம்பும்போது சிலிண்டர் வால்வை மூடிவிட்டுத்தான் கிளம்புகிறோம். மத்தியானம் அப்பாவுக்குச் சூடாகச் சோறு கிடைக்கிறதென்றால் அது அந்தப் பெட்டியின் தயவு. பாப்கார்ன் பொரிக்கவும் கேக் பண்ணவும் நாங்கள் அதை வைத்திருக்கவில்லை. ஆகவே 'மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்' என்ற வழக்கமான குடும்ப முடிவு இந்தத் தடவை செல்லுபடியாகவில்லை.

மறுநாள் ஆபீஸ் பேன்ட்ரியில், டிபன் பாக்ஸோடு ஓவனுக்கு க்யூவில் நிற்கும்போது விஷயத்தை அவிழ்த்துவிட்டேன். உடனே இரண்டு கட்சி பிரிந்துவிட்டது.

"தூக்கிப் போடு சார். இந்தக் காலத்துல எவன் ரிப்பேர் பண்றான்?" இது முதல் கட்சி. அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் முழுக்க இந்தப் பக்கம்.

"எங்க வீட்டு மிக்ஸி 19 வருஷமா ஓடுது. மூணு தடவை காயில் கட்டியாச்சு!" இது எதிர்க்கட்சி. பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டினவர்கள்.

ஒருத்தர்கூட, என்ன ரிப்பேர் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கே தெரியாது.

வியாழக்கிழமை கம்பெனி சர்வீஸிலிருந்து ஒரு பையன் வந்தான். யூனிஃபார்ம், தோளில் பை, கையில் மொபைல். பட்டனை அமுக்கினான். காதைச் சாய்த்து உறுமலைக் கேட்டான். "மேக்னெட்ரான் போயிடுச்சு சார்" என்றான். மொத்தம் நாலு நிமிஷம். மாற்ற 3,900 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 702 ரூபாய், ஆக 4,602. வந்து பார்த்த கூலி 472 தனி. அதை உடனே வாங்கிக்கொண்டான். அதே அளவு புது ஓவன், 20 லிட்டர், வெறும் சூடு பண்ணுகிற ரகம், 6,500 ரூபாய்க்குக் கடையில் பார்த்து வைத்திருந்தேன்.

வாரண்டி கார்டைத் தேடினேன். பீரோவில் பழைய எல்.ஐ.சி. ரசீதுகளுக்கு நடுவே அகப்பட்டது. 2018 தீபாவளிக்கு வாங்கினது. பெட்டிக்கு ஒரு வருஷம், மேக்னெட்ரானுக்கு மட்டும் ஐந்து வருஷம். நான் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது 2025ல்.

இந்த மேக்னெட்ரான் என்ற ஆசாமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஓவனின் உயிரே அதுதான். இரண்டாம் உலக யுத்தத்தில் எதிரி விமானங்களைக் கண்டுபிடிக்கும் ராடாருக்காக அமெரிக்காவின் ரேதியான் கம்பெனி இதை ஏராளமாகத் தயாரித்தது. அங்கே பெர்ஸி ஸ்பென்ஸர் என்று ஒரு எஞ்சினியர். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர். 1945ல் ஓடிக்கொண்டிருந்த மேக்னெட்ரான் பக்கத்தில் அவர் நின்றபோது, சட்டைப் பையிலிருந்த சாக்லேட் உருகிவிட்டது என்று கதை சொல்கிறார்கள். நானாக இருந்தால் சட்டை பாழானதற்குத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் சோளத்தை வைத்துப் பொரித்துப் பார்த்தார். 1947ல் விற்பனைக்கு வந்த முதல் ஓவன் ஆள் உயரம், எடை சுமார் 340 கிலோ. ரிப்பேருக்கு ஆட்டோவில் எடுத்துப் போகிற சமாசாரமே இல்லை. சமையலறை மேடையில் உட்காருகிற அளவுக்குக் குறைந்து, 500 டாலருக்குள் விலையும் வந்தது 1967ல்தான்.

அந்த மேக்னெட்ரான் ஆன்லைனில் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கிறது என்று வியாழன் ராத்திரி கண்டுபிடித்தேன். யூடியூபில் ஒரு பிரகஸ்பதி பதினொரு நிமிஷத்தில் கழற்றி மாட்டிக் காட்டினார். மூவாயிரம் ரூபாய் மிச்சம்! ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்!

சனிக்கிழமை காலை, மனைவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து ஓவனைத் தரையில் இறக்கினேன். பிளக்கைப் பிடுங்கினேன். (அந்த அளவுக்கு விவரம் உண்டு.) பின்னால் மஞ்சள் ஸ்டிக்கரில் மின்னல் படம் போட்டு என்னவோ எச்சரித்திருந்தது. அதெல்லாம் எல்லாச் சாமானிலும் ஒட்டுவார்கள் என்று எட்டு ஸ்க்ரூவையும் கழற்றி மேல் மூடியை உருவினேன். உள்ளே ஒரு பக்கம் கனமான டிரான்ஸ்ஃபார்மர். பக்கத்தில் தாமிர ஒயர்கள். கீழே வெள்ளி நிறத்தில் வழவழவென்று ஒரு டப்பா. அதிலிருந்து வருகிற ஒயரைப் பிடுங்கலாம் என்று கையை நீட்டினேன்.

"கையை எடுடா!"

அப்பா இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டு இருபது வருஷமாவது இருக்கும். வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பிளக்கைப் பிடுங்கிட்டேன்பா."

"அது கண்டென்சர். பிளக்கைப் பிடுங்கினா அதுக்கென்ன தெரியும்? கரண்டை உள்ளே வெச்சிருக்கும். ஃபேன் கண்டென்சரே சுண்டி விட்டுடும். அது எவ்வளவு பெரிசா இருக்கு பாரு."

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை அந்த டிரான்ஸ்ஃபார்மர் 2,000க்கு ஏற்றுகிறது. கண்டென்சரும் டயோடும் சேர்ந்து அதை 4,000 பக்கம் கொண்டுபோய் மேக்னெட்ரானுக்குக் கொடுக்கின்றன. டி.வி., மிக்ஸி, வாஷிங் மெஷின் எல்லாம் திறந்து பார்த்துப் பழகின மெக்கானிக்குகளே இதில் உயிரை விட்டிருக்கிறார்கள். கண்டென்சரில் தேங்குவது தானாக வடிய உள்ளேயே பெரும்பாலும் ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அது கெட்டுப்போயிருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. கதவிடுக்கு வழியே ரேடியேஷன் வருமா என்று பக்கத்து வீட்டு மாமி ஆறு வருஷமாகக் கவலைப்பட்டிருக்கிறார். கதவைத் திறந்ததுமே அது நின்றுவிடும். அதற்காகவே கதவோரம் வரிசையாக சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். ஆளைத் தூக்குவது இந்த டப்பாதான்.

நான் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பழைய உத்தியோகம் திரும்ப வந்துவிட்ட மாதிரி ஒரு தோரணை.

"அந்தப் பையன் மூடியைத் திறந்து பார்த்தானா?"

"இல்லப்பா. சத்தத்தைக் கேட்டான்."

"மீட்டர் வெச்சானா?"

"இல்லை."

"அப்புறம் எப்படிரா தெரியும், எது போச்சுன்னு?"

நாலு நாளாக ரிப்பேரா, புதுசா என்று பட்டிமன்றம் நடத்தியவர்களில் யாருக்கும் தோன்றாத கேள்வி. 4,602 ரூபாய்க்கு ரிப்பேர் செய்வதைவிட 6,500க்குப் புதுசு வாங்குவதுதான் புத்திசாலித்தனம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஏழு வருஷத்துப் பெட்டிக்குப் புது விலையில் பாதிக்கு மேல் செலவழித்தால், அடுத்த மாசம் இன்னொன்று போகாது என்று யார் கண்டது? ஆனால் அந்த 4,602 என்ற எண்ணே காதால் கேட்டுச் சொன்ன எண்!

சைதாப்பேட்டையில் ஒரு சந்தில் பாய் கடை. எட்டடிக்கு எட்டடி. பாதி இடத்தை மிக்ஸி, கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு அடைத்துக்கொண்டிருக்கும். மூடியைத் திரும்ப மாட்டி, பதினோரு கிலோ பெட்டியை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிற பக்கம் மட்டும் கனம் என்பதால் வழி நெடுக ஒரு தொடை மரத்துப்போயிற்று.

பாய் மூடியைத் திறந்ததும் முதல் காரியமாக, ரப்பர் பிடி போட்ட ஒரு கம்பியால் கண்டென்சரைத் தட்டினார். பொறி எதுவும் வரவில்லை. "இறங்கிடுச்சு. இருந்தாலும் ஒவ்வொரு வாட்டியும் தட்டிட்டுத்தான் தொடுவேன் ஸார். எங்க வாத்தியார் சொல்லிக் குடுத்தது" என்றார். நான் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

பிறகு மீட்டர். மேக்னெட்ரானின் இரண்டு முனையில் வைத்தார். "இழை சரியா இருக்கு. பாடிக்கு லீக் இல்லை." அடுத்து, சுண்டு விரல் பாதி நீளத்துக்கு ஒரு கறுப்புச் சாமானைக் கழற்றினார். அதுதான் ஹை வோல்டேஜ் டயோடு. "நல்லா இருக்கிற டயோடுன்னா இந்தச் சின்ன மீட்டர்ல எந்தப் பக்கம் வெச்சாலும் ஒண்ணும் காட்டாது. இதைப் பாருங்க." வைத்தார், மீட்டர் 'பீப்' என்று கூவியது. திருப்பி வைத்தார். அதற்கும் கூவியது. டயோடு ஷார்ட்!

"உறுமல் கேட்டா மேக்னெட்ரானும் இருக்கலாம், இதுவும் இருக்கலாம் ஸார். காதால சொல்ல முடியாது."

டயோடு 120 ரூபாய். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போகும்போது பத்துப் பத்தாக வாங்கி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். கூலி 400. ஆக 520.

பாய்க்கு வாய் ஓயவில்லை, கையும்தான். ஓவனுக்குள் வலது சுவரில் அட்டை மாதிரி ஒன்று ஒட்டியிருக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? மைக்கா ஷீட். அதில் எண்ணெயும் குழம்பும் தெறித்துக் கருகினால் உள்ளே படபடவென்று பொறி பறக்கும். குண்டு வெடிக்கிறது என்று பயந்து ஓவனையே எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டவர்கள் அவருக்கே நாலைந்து பேரைத் தெரியுமாம். மைக்காவை அளவுக்கு வெட்டி வைக்க 50 ரூபாய்.

"எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணிடுவீங்களா பாய்?"

"கதவு கோணிப்போச்சுன்னா, கீல் ஆடுதுன்னா, உள் தகரம் துரு புடிச்சு ஓட்டை விழுந்துச்சுன்னா தொடமாட்டேன். புதுசு வாங்கிக்கங்கன்னு அனுப்பிடுவேன். அதெல்லாம் காசு விஷயம் இல்ல ஸார்." சொல்லிக்கொண்டே கதவை நாலு தரம் திறந்து மூடினார். வலைக் கண்ணாடியை வெளிச்சத்தில் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார்.

பழைய பெட்டியை என்ன செய்வது என்றும் விசாரித்து வைத்திருந்தேன். கடைக்காரர் எக்ஸ்சேஞ்சில் 600 ரூபாய் குறைப்பதாகச் சொன்னார், ஓடினாலும் ஓடாவிட்டாலும். 2023 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கும் மின்கழிவு விதிகளின் பட்டியலில் மைக்ரோவேவும் உண்டு. குப்பைத் தொட்டியில் வைக்கக் கூடாது. பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுவதும் சரியில்லை. அவர் சம்மட்டியால் உடைப்பார். மேக்னெட்ரானின் பீங்கான் பாகம் சிலவற்றில் பெரிலியம் ஆக்சைடு கலந்தது. அதன் தூளைச் சுவாசித்தால் நுரையீரலுக்கு ஆபத்து.

ஞாயிற்றுக்கிழமை காலை பரீட்சை. வெறும் ஓவனை ஓட்டக் கூடாது என்று பாய் எச்சரித்திருந்தார். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரை வைத்து ஒரு நிமிஷம் ஓட்டினேன். எடுத்தபோது விரல் சுட்டது. குடும்பமே வேடிக்கை பார்த்தது. மனைவி மட்டும், "அப்ப புதுசு கிடையாதா? கேக் பண்றது ஒண்ணு வாங்கலாம்னு பார்த்தேன்" என்றாள். அந்த வழக்கு நிலுவையில் இருக்கிறது.

திங்கட்கிழமை மத்தியானம் ஒன்றே காலுக்கு ஆபீசுக்கு போன்.

"ஏண்டா, சாம்பார்ல உப்பே இல்லை."

"சூடா இருக்காப்பா?"

"சூடா இருக்கறதாலதான் தெரியுது. போன வாரமெல்லாம் எதுவுமே தெரியலை."