கொடைக்கானலில் வாடகை வீடு... அட்வான்ஸ் அனுப்பும் முன் கேட்க வேண்டியவை!

ஏப்ரல் வெயில் ஏறத் தொடங்கியதுமே குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அந்தப் பேச்சு வந்துவிடும். 'இந்த வருஷம் கொடைக்கானல் போவோமா? ஹோட்டல் வேண்டாம், ஒரே வீடா எடுத்துடலாம். எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்.' அண்ணன் குடும்பம், தங்கை குடும்பம், தாத்தா, பாட்டி, குழந்தைகள் எனப் பத்து, பன்னிரண்டு பேர் கிளம்பும்போது, நாலைந்து அறைகளில் சிதறிக் கிடப்பதைவிட ஒரு முழு வீடு சுகம்தான். ராத்திரி எல்லோரும் ஒரே ஹாலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு கதை பேசலாம். ஆனால், ஹோட்டலில் வெந்நீர் வரவில்லை என்றால் ரிசப்ஷனுக்கு ஒரு போன் போதும். வாடகை வீட்டில் அந்த ரிசப்ஷன் கிடையாது. கேட்க வேண்டியதையெல்லாம் பணம் கட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

கொடைக்கானலே விடுமுறை வீடுகளால் உருவான ஊர் என்று சொல்லலாம். மதுரைப் பக்கம் இருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி மலையேறி, 1845-ல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். 1863-ல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச், ஓடையை மறித்துக் கரை கட்டி ஏரியை உருவாக்கினார். அன்றிலிருந்து இன்றுவரை, ஏரியை ஒட்டிய இடத்துக்குத்தான் அங்கே மவுசு, வாடகையும் அப்படியே.

அதனால்தான் விளம்பரங்களில் 'லேக் வியூ' என்ற வார்த்தை அவ்வளவு தாராளமாகப் புழங்குகிறது. ஏரியைச் சுற்றிவரும் சாலை சுமார் ஐந்து கிலோமீட்டர்தான். அதை ஒட்டியுள்ள வீடுகள் எத்தனை இருந்துவிடப் போகின்றன? மேட்டில் இருக்கும் வீட்டு மாடியின் ஒரு மூலையிலிருந்து, பனிமூட்டம் இல்லாத நேரத்தில் ஏரி கொஞ்சம் தெரிந்தால், அதுவும் 'லேக் வியூ' ஆகிவிடும். இன்னொன்று, ஆன்லைனில் 'கொடைக்கானல்' என்று தேடும்போது வரும் வீடு பெருமாள்மலையில் இருக்கலாம், பள்ளங்கியில் இருக்கலாம், பூம்பாறையைத் தாண்டி மன்னவனூரிலும் இருக்கலாம். எல்லாமே அழகான ஊர்கள்தான். அமைதியும் மலைப்பூண்டு வயல்களும் போதும் என்பவர்களுக்குப் பூம்பாறையைவிட நல்ல இடம் இல்லை. ஆனால், குழந்தைகள் தினமும் படகு, சைக்கிள், குதிரை என்று ஏரிக்கரையைச் சுற்ற ஆசைப்பட்டால், அங்கிருந்து மலைப்பாதையில் போய் வருவதிலேயே பாதி நாள் கரைந்துவிடும். சீசன் நெரிசலில் இன்னும் மோசம்.

ஆகவே, முதல் கேள்வி 'ஒரு நாளைக்கு எவ்வளவு?' என்பதல்ல. 'கூகுள் மேப் லொகேஷன் அனுப்புங்கள்' என்பதுதான். அடுத்து, 'கார் வாசல் வரை வருமா?' என்று கேளுங்கள். மலைச்சரிவில் கட்டிய வீடுகள் பலவற்றுக்குச் சாலையிலிருந்து படிக்கட்டில் இறங்கித்தான் போக வேண்டும். மூட்டுவலியுள்ள மாமியாரை நாற்பது படி இறக்கிவிட்டால், நாலு நாளும் அவர் அந்த வீட்டுக்குள்ளேயேதான். தரைத்தளத்தில் படுக்கையறை உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, கீஸர் எத்தனை என்பதையும் கையோடு கேட்டுவிடுங்கள். கோடையில் அங்கே தண்ணீர்த் தட்டுப்பாடு வருவதுண்டு. பன்னிரண்டு பேர் குளிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, டேங்கர் தண்ணீருக்குத் தனிக் காசா என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

இனி, பலரும் யோசிக்காத விஷயத்துக்கு வருவோம். சமையலறை.

வீட்டில் கிச்சன் இருக்கிறது, செலவு மிச்சம் என்றுதான் பல குடும்பங்கள் வாடகை வீட்டைத் தேர்ந்தெடுக்கின்றன. மிச்சம் உண்மைதான். ஆனால், காலையில் எல்லோரும் ஏரிக்குக் கிளம்பும்போது பன்னிரண்டு பேருக்குப் பொங்கல் கிண்டிக்கொண்டிருப்பது யார்? சுற்றிவிட்டு வந்து எல்லோரும் ஹீட்டர் முன்னால் உட்கார, குளிர்ந்த தண்ணீரில் பாத்திரம் தேய்ப்பது யார்? பெரும்பாலும் அம்மாவும் அண்ணியும்தான். ஊரில் செய்த அதே வேலையை, பழக்கமில்லாத அடுப்பில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு செய்வதற்குப் பெயர் விடுமுறை அல்ல. இதை வீட்டு ஆண்கள் கேட்பதில்லை. பெண்களாவது புக்கிங்குக்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

வழிகள் இருக்கின்றன. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கேர்டேக்கர் குடும்பமே சமைத்துத் தருவது பல இடங்களில் உண்டு. மளிகை நாம் வாங்கித் தந்து சமையல் கூலி மட்டும் கொடுப்பதா, தலைக்கு இவ்வளவு என்று சாப்பாட்டோடு பேசிக்கொள்வதா, எது லாபம் என்று கணக்குப் போடுங்கள். மதியச் சாப்பாடு எப்படியும் வெளியேதான் அமையும். மீதியுள்ள காலை, இரவு இரு வேளைக்கும் ஆள் வைத்தால் ஆகும் செலவைக் குடும்பங்கள் பகிர்ந்துகொண்டால் பெரிதாகத் தெரியாது. அப்படியும் நாமேதான் சமைப்போம் என்றால், குக்கர் இருக்கிறதா என்று கேளுங்கள். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே தவிர, திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகு நேரம் ஆகும். இட்லி மாவை அங்கே போய் அரைத்துக்கொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். அந்தக் குளிரில் மாவு சுலபத்தில் புளிக்காது. கேஸ் சிலிண்டர் வாடகையில் சேர்த்தியா, தனியா என்பதும் ஒரு கேள்வி.

பணம் கட்டும் கட்டத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வேறொரு காட்டேஜின் படங்களை எடுத்துப் போட்டு, 'இன்னும் ஒரே ஒரு வீடுதான் இருக்கு, உடனே பாதி அட்வான்ஸ் போடுங்க' என்று அவசரப்படுத்தி, பணம் வந்ததும் போனை அணைத்துவிடும் மோசடிகள் எல்லாச் சுற்றுலா ஊர்களிலும் நடக்கின்றன. இரவு எட்டு மணிக்குக் குழந்தைகளோடு மலையேறிப் போய், அப்படி ஒரு வீடே இல்லை என்று தெரிந்துகொள்வது எவ்வளவு கொடுமை! வீடியோ கால் செய்து வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். வாசலிலிருந்து சாலை வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயர் யாருடையது என்று பாருங்கள். ஏமாந்துவிட்டது தெரிந்தால் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணை உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு. அடையாளத்துக்கு ஆதார் கேட்டால், முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட 'மாஸ்க்டு ஆதார்' நகலைக் கொடுக்கலாம்.

வீடு நிஜம்தான், ஆனால் அனுமதி இல்லாதது என்ற சிக்கலும் இங்கே உண்டு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவைத் தொடர்ந்து 2019-ல் கொடைக்கானலில் விதிமீறல் கட்டடங்கள் பலவற்றுக்கு சீல் வைக்கப்பட்டது. ஹோம்ஸ்டே என்றால் சுற்றுலாத் துறையில் பதிவு வேண்டும். 'பதிவு எண் என்ன, பில் தருவீர்களா?' என்று கேட்டால் முறையாக நடத்துபவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சொந்த வண்டி, வாடகை வேன் எதில் போனாலும் இ-பாஸ் கட்டாயம். 2024 மே 7 முதல் இருக்கும் இந்த நடைமுறையில், 2025 ஏப்ரலில் எண்ணிக்கை வரம்பும் வந்தது. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000. பாஸ் இலவசம்தான். ஆனால் வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை, எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள் என்பதெல்லாம் கேட்கும். ஆகவே வீடு உறுதியானதும் அடுத்த வேலை இதுவாகவே இருக்கட்டும். வரம்பும் விதிகளும் மாறக்கூடியவை என்பதால், கிளம்பும் வாரம் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மலையில் தடை. பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. ஸ்டீல் பாட்டில்களை எடுத்துவைத்தால் முடிந்தது.

குளிர் விஷயத்தில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 'கேம்ப் ஃபயர் உண்டு' என்று ஆசை காட்டுவார்கள். வெளியே நெருப்பு மூட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிஞ்சிய கரியைச் சட்டியில் அள்ளி வந்து, ஜன்னலைச் சாத்திய அறைக்குள் வைத்துத் தூங்கவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கொடைக்கானலிலேயே அப்படி இறந்தவர்கள் உண்டு. கூடுதல் கம்பளியும் எலெக்ட்ரிக் ஹீட்டரும் கேட்டு வாங்குங்கள். குளியலறையில் கேஸ் கீஸர் என்றால், காற்றுப் போக ஜன்னல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே குழந்தைகளை அனுப்புங்கள். ஊரின் ஓரத்தில் இருக்கும் வீடுகளுக்குச் சாயங்காலமானால் காட்டுமாடுகள் வருவது சகஜம். பார்க்கப் பசு மாதிரி சாதுவாக நிற்கும். செல்ஃபி எடுக்கப் பக்கத்தில் போய் முட்டு வாங்கியவர்களும் உண்டு. தோட்டத்தில் விளையாடும் பிள்ளைகளை இருட்டும் முன் உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது? மலர்க் கண்காட்சி பார்க்க வேண்டும் என்றால் மே மாதம்தான், வாடகையும் அப்போதுதான் உச்சம். பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரத்தில், ஞாயிறு மாலை ஏறி வியாழன் இறங்குவதுபோல் திட்டமிட்டால் நெரிசலும் குறையும், பேரம் பேசவும் முடியும். அப்படிப் பேசும்போது 'மொத்தமா எவ்வளவு?' என்று கேட்டு, எக்ஸ்ட்ரா பெட், ஹீட்டர், கேம்ப் ஃபயர், டிரைவர் தங்க இடம், திருப்பித் தரும் டெபாசிட், ரத்து செய்தால் எவ்வளவு கிடைக்கும் என எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொண்டு, அதன் பிறகு அட்வான்ஸ் அனுப்புங்கள்.