குழல் இழைக்குள் வளரும் படிகச் சல்லடை

புரொப்பிலீன், புரொப்பேன் ஆகிய வாயுக்களின் கொதிநிலைகளுக்கு இடையே சுமார் 5 டிகிரி செல்சியஸ் வேறுபாடுதான் உண்டு. அதனால் அவற்றைக் காய்ச்சி வடித்துப் பிரிக்க உயரமான கோபுரங்களும் பெரும் ஆற்றலும் தேவைப்படுகின்றன.

இதற்கு நல்ல மாற்று, ‘சிஃப்-8’ படிகச் சவ்வு. துத்தநாக அயனிகளை மெத்தில்இமிடசோல் இணைப்பதால் உருவாகும் இப்படிகத்தின் துளைவாய் ஏறத்தாழ 0.34 நானோமீட்டர். அது சற்றே நெகிழ்வதால் புரொப்பிலீன் விரைந்து நுழைகிறது. சிறிதே பெரிய புரொப்பேன் பின்தங்குகிறது.

அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2014இல் இச்சவ்வைப் பாலிமர் குழல் இழைக்குள்ளேயே வளர்த்துக் காட்டினர். ஆக்டனாலில் கரைத்த துத்தநாக உப்பு இழைக்குள் செலுத்தப்பட்டது. வெளியே மெத்தில்இமிடசோல் கரைந்த நீர். எளிதில் கலவாத அந்த இரு திரவங்களும் சந்தித்த எல்லையில் படிகப் படலம் படிந்தது.

படலத்தில் நுண்விரிசல் விழுந்தால் பிரிப்புத்திறன் குன்றும். குறையின்றி வளர்ந்த இழைகளைக் கட்டாக அடுக்கினால், சிறு கலனுக்குள்ளேயே பெரும் சவ்வுப் பரப்பு கிடைக்கும்.